முதுகுவலி என்று சொன்ன ஒன்றரை வருடம்

அந்த நாட்களில் என்னால் ஓரிடத்தில் இருக்க முடியவில்லை. பஸ்ஸில் ஏறினால் இரண்டாவது தரிப்பிலேயே இறங்கி நடப்பேன். பலெர்மோவில் சீசா என்கிற பகுதியில் உள்ள எங்கள் வீட்டிலிருந்து வேலைக்குப் போக நேரான வழி இருக்க, நான் கபோ சந்தைக்குள்ளால் சுற்றிக்கொண்டு போவேன். மீன்காரர்கள் கத்துகிற கத்தலில் என் மண்டைக்குள் ஓடுகிற சத்தம் கொஞ்சம் அடங்கும். வேலை வீட்டுக்குப் போனால் துடைத்த தரையைத் திரும்பவும் துடைப்பேன். வீட்டுக்கு வந்தால், குப்பை கொட்டப் போகிறேன் என்று அரைவாசி நிறைந்த பையைத் தூக்கிக்கொண்டு கீழே இறங்கிவிடுவேன்.

காரணம் இதுதான். ஐம்பத்தொரு வயதில் என் ஆணுறுப்பில், தோலுக்குக் கீழே, ஒரு பயறு அளவில் கட்டி இருப்பதைக் குளிக்கும்போது கண்டேன். கொஞ்ச நாளில் விறைக்கும்போது அது இடப்பக்கமாக வளையத் தொடங்கியது. வலித்தது. பிறகு வலி குறைந்தது, வளைவு கூடியது, விறைப்பும் பழையபடி இல்லை. இதை இப்படி நாலு வரியில் எழுத இன்றைக்கு என்னால் முடிகிறது. அன்றைக்கு இதில் ஒரு சொல்லைக்கூட வாய்விட்டுச் சொல்ல முடியவில்லை.

முதலில் புற்றுநோய் என்று நினைத்தேன். பிறகு, என்ன பாவத்துக்கு இந்தத் தண்டனை என்று தேடினேன். பெரிதாக ஒன்றும் அகப்படவில்லை. அது பயத்தை இன்னும் கூட்டியது.

மனைவியிடம் முதுகுவலி என்றேன். ஒரு வயோதிபரைத் தூக்கி இருத்திக் குளிப்பாட்டுவது என் தொழில் என்பதால், யாரும் சந்தேகப்படாத பொய் அது. முதுகைச் சாட்டிச் சோபாவில் படுக்கத் தொடங்கினேன். அவள் நம்பினாள். அதுதான் பெரிய கரைச்சல். நாள் முழுக்க இன்னொரு வீட்டில் கூட்டித் துடைத்துவிட்டு வருகிறவள், தைலத்தைச் சூடாக்கி என் முதுகில் தேய்த்துவிடுவாள். ஒரு நோவும் இல்லாத முதுகு. நான் பேசாமல் கிடந்தாலும் பரவாயில்லை. "இதிலை கொஞ்சம்" என்று இடம் வேறு காட்டுவேன். என்னைப் போல ஒரு கள்ளனை நான் கண்டதில்லை.

இதற்கிடையில் பாரிஸ் வந்தது. அவளுடைய அக்கா அங்கே இருக்கிறாள். இஞ்சை வந்திடு, வேலை எடுத்துத் தாறன், பிள்ளைக்கும் நல்லம் என்று பல வருடமாகவே சொல்லிக்கொண்டிருப்பாள். முன்பெல்லாம் மனைவி சிரித்துவிட்டுப் போனை வைத்துவிடுவாள். இப்போது "பாப்பம்" என்று சொல்லத் தொடங்கினாள். பள்ளிக்கூடம் கோடை விடுமுறை விட்டதும் மகளையும் கூட்டிக்கொண்டு போய்விடுவாள், போனால் திரும்பி வரமாட்டாள் என்று எனக்குள் ஏதோ சொல்லிக்கொண்டே இருந்தது. வாயைத் திறந்து கேட்டிருக்கலாம். கேட்டால் ஓம் என்று சொல்லிவிடுவாளோ என்று பயந்து, குப்பைப் பையைத் தூக்கிக்கொண்டு கீழே இறங்கினேன்.

வைத்தியரிடம் போயிருக்கலாம்தான். ஆனால் எங்கள் வீட்டில் வைத்தியரிடம் போவதென்றால் மகளையும் கூட்டிக்கொண்டுதான் போவோம். நாங்கள் தமிழில் சொல்வதை அவள் பலெர்மோ இழுவையோடு இத்தாலியனில் டொக்டருக்குச் சொல்வாள். எனக்குச் சீனி வருத்தம் வந்ததுகூட டொக்டர் அவளுக்குச் சொல்லி, அவள் எனக்குச் சொல்லித்தான் தெரியும். இங்குள்ள எங்கள் ஆட்களில் முக்கால்வாசிப் பேர் வீட்டில் இதே ஏற்பாடுதான். பதினைந்து வயதுப் பெண்பிள்ளையிடம் போய் இதை எப்படிச் சொல்லி, அவள் வாயால் எப்படிச் சொல்லுவிப்பது? நினைக்கவே உடம்பு கூசியது.

ஆகவே நானே எனக்கு வைத்தியனானேன். கறிவேப்பிலையும் கருவாடும் வாங்குகிற கடையில், ஆட்கள் இல்லாத நேரம் பார்த்து, "பலவீனத்துக்கு" ஏதாவது இருக்கிறதா என்று கேட்டேன். கடைக்காரர் ஒன்றும் விசாரிக்கவில்லை. குனிந்து, பெயர் ஒட்டாத ஒரு போத்தல் லேகியத்தை எடுத்து கோதுமை மாப் பைக்குப் பின்னால் வைத்தார். அவர் அவ்வளவு சுறுக்காகக் குனிந்ததிலிருந்து, கேட்டது நான் மட்டுமில்லை என்று விளங்கியது. மூன்று வாரம் தின்றேன். நெஞ்செரிவுதான் மிச்சம். பிறகு ஒருவர் கடதாசியில் சுற்றித் தந்த மாத்திரை ஒன்றை விழுங்கினேன். முகம் சிவந்து, தலை இடித்து, வளைவு முன்னையைவிட நன்றாகத் தெரிந்ததுதான் கண்ட பலன். சீனிக்கும் பிரஷருக்கும் குளிசை போடுகிற ஒருவன் இன்ன மாத்திரை என்று தெரியாமல் விழுங்கினால் உயிரே போகக்கூடும் என்று பின்னர் டொக்டர் ஏசினார். ஏச்சு வாங்கவேண்டிய விஷயம்தான்.

எங்கள் ஆட்களுக்கு இன்னொரு பழக்கமும் உண்டு. எந்தப் பிரச்சினை என்றாலும் வேலை செய்கிற வீட்டுக்குக் கொண்டுபோவது. பெர்மெஸ்ஸோ என்கிற வதிவிட அனுமதியைப் புதுப்பிக்க வேண்டுமா, குவெஸ்தூரா என்கிற பொலிஸ் கந்தோரிலிருந்து விளங்காத கடிதம் வந்திருக்கிறதா, பல்லுக் கொதியா, சிஞ்ஞோரா என்று நாங்கள் கூப்பிடுகிற வீட்டுக்கார அம்மாவிடம் சொல்வோம். அவர் போனை எடுப்பார். அவருக்குத் தெரிந்த ஒருவர் எந்தக் கந்தோரிலும் இருப்பார். காரியம் நடக்கும். இருபது வருடத்தில் இது எங்களுக்குக் கை கழுவுவது போலப் பழகிவிட்டது. என் மனைவிக்கு வேலை கிடைத்ததும் அப்படித்தான். என் சிஞ்ஞோரா போன் எடுத்தார், மனைவி சிஞ்ஞோராவின் தங்கை வீட்டில் வேலைக்குச் சேர்ந்தாள்.

நான் பார்த்துக்கொள்கிறவர் சிஞ்ஞோராவின் கணவர். எண்பத்தாறு வயது, ஓய்வுபெற்ற வழக்கறிஞர். யாழ்ப்பாணத்தில் பழைய ஆட்கள் சொல்வதுபோல அவரை எனக்குள் அப்புக்காத்து என்றுதான் சொல்வேன். கால்தான் போய்விட்டது, கண்ணும் வாயும் போகவில்லை. ஒரு காலைப்பொழுது அவரைக் குளிப்பாட்டிக்கொண்டிருந்தேன். சவர்க்காரத்தை வைத்தேன், எடுத்தேன், துவாயை மாற்றினேன், யன்னலைத் திறந்து மூடினேன்.

"நீ இந்த மாதம் முழுக்கச் சுற்றிக்கொண்டிருக்கிறாய்," என்றார் இத்தாலியனில். "இரு. என்ன வருத்தம்?"

குளியலறையில் இருக்க இடமில்லை. மூடியிருந்த கழிப்பறை இருக்கைமேல் இருந்தேன். எதிரில் அவர் உடுப்பில்லாமல், தோளில் நுரையோடு இருக்கிறார். ஏழு வருடமாக அவருடைய உடம்பில் நான் கழுவாத இடமில்லை. அந்த மனிதருக்கு முன்னால் எனக்கு வெட்கம் வரவில்லை. சமையலறைக்கும் குளியலறைக்கும் மட்டும் போதுமான என் இத்தாலியனில், பாதியைக் கையால் காட்டி, சொல்லி முடித்தேன்.

சிரிப்பார் என்று நினைத்தேன். அவர் சிரிக்கவில்லை. தண்ணீர் ஆறுகிறது, தோளைக் கழுவு என்றார். உடுப்பு மாட்டி நாற்காலியில் இருத்தியதும் போனைக் கேட்டார். தன்னோடு படித்தவரின் மகன் இதற்கென்றே இருக்கிற டொக்டராம். பத்து நிமிடத்தில் அடுத்த வியாழக்கிழமைக்கு நேரம் எடுத்துவிட்டார். விறைத்த நிலையில் மேலிருந்தும் பக்கத்திலிருந்தும் போனில் படம் எடுத்து வரவேண்டும், அப்போதுதான் வளைவை அளக்கலாம் என்று டொக்டர் சொன்னதையும், பால் வாங்கி வரச் சொல்வதுபோல என்னிடம் சொன்னார். எனக்கு அன்றைக்கு ஆறுதலாக இருந்தது. வீட்டுக்குப் போகும்போது பஸ்ஸில் கடைசித் தரிப்புவரை இருந்தேன்.

ஆறுதல் மூன்று நாள் நின்றது. நாலாம் நாள் பின்னேரம் நாலு மணிக்கு மனைவி வேலையால் வந்தாள். சப்பாத்தைக் கழற்றவில்லை, கைப்பையை வைக்கவுமில்லை. மகள் தேவாலயத்தில் பாட்டுப் பழகப் போயிருந்தாள்.

"வாற வியாழன் நீங்கள் டொக்டரிட்டப் போகவேணுமாம்," என்றாள். "சிஞ்ஞோரா சொன்னவ."

அவளுடைய சிஞ்ஞோராவைத்தான் சொல்கிறாள் என்று விளங்க எனக்கு ஒரு கணம் எடுத்தது. அப்புக்காத்து தன் மனைவிக்குச் சொல்லியிருக்கிறார், மனைவி தங்கைக்குச் சொல்லியிருக்கிறார்.

"சேட்டு அயன் பண்ணிக்கொண்டு நிண்டன். அவ வந்து தோளில கையை வைச்சு, உன்ர மனுசனுக்குச் சுகம் வரும், பயப்பிடாத எண்டா. நான் கான்சர் எண்டு நினைச்சன். பிறகு அவ சொல்லச் சொல்லத்தான் என்னெண்டு விளங்கினது."

"நீர் என்ன சொன்னீர்?"

"தெரியும் சிஞ்ஞோரா எண்டன். வேற என்னத்தைச் சொல்லுறது? என்ர மனுசன்ர வருத்தம் எனக்குத் தெரியாது எண்டு சொல்லுறதே?"

அவள் குரலை உயர்த்தவில்லை. உயர்த்தியிருந்தால் நானும் உயர்த்தித் தப்பியிருப்பேன்.

"ஒவ்வொரு நாளும் முதுகு தேய்ச்சுவிட்டன்," என்றாள். "ஒவ்வொரு நாளும்."

நான் அசடன் மாதிரி வேறொன்றைப் பிடித்துக்கொண்டேன். என் கதையை உமக்குச் சொல்ல அவவுக்கு என்ன வந்தது என்று அந்தச் சிஞ்ஞோராமேல் பாய்ந்தேன். மனைவி அப்போதுதான் கைப்பையை மேசையில் வைத்தாள்.

"நான் வேலையை விடப்போறன் எண்டு சொன்னன். ஆனி மாசத்தோட. பாரிசுக்குப் போறன் எண்டு. அதுக்குத்தான் அவ, உன்ர மனுசன்ர வருத்தத்துக்காகவோ போறாய் எண்டு கேட்டவ."

பயந்துகொண்டிருந்தது நடந்துவிட்டது. எனக்கு முன்னமே அது அவளுடைய சிஞ்ஞோராவுக்குத் தெரிந்திருக்கிறது.

"எனக்கு ஒரு சொல்லுச் சொல்லாமல் அவவுக்குச் சொல்லியிருக்கிறீர்," என்றேன்.

"நீங்கள் ஆருக்குச் சொன்னனியள்?" என்றாள் அவள்.

இருபது வருடம் மற்றவர்களின் வீடுகளில் தரை துடைத்து, எங்கள் வீட்டுக் கதையை அங்கே கொண்டுபோய் வைத்துவிட்டு, இங்கே ஒருவருக்கொருவர் சோறு போட்டுக்கொண்டிருந்திருக்கிறோம். நான் குப்பைப் பையைத் தேடினேன். அன்றைக்கு அது வெறுமையாக இருந்தது. அப்படியே வெளியே போய் இருட்டும்வரை நடந்தேன்.

அடுத்த நாள் அப்புக்காத்தோடு சண்டைக்குப் போகிற முகத்தோடுதான் போனேன். அவர் சியாகுல்லித் தோட்டங்களில் இருந்து வந்த கடைசி மண்டரின் பழங்களை மடியில் வைத்து உரித்துக்கொண்டிருந்தார். ஏன் சொன்னீர்கள் என்று கேட்டேன்.

"நான் என் மனைவிக்கு மட்டும்தான் சொன்னேன்," என்றார். அவருக்கு உண்மையாகவே விளங்கவில்லை. "மனைவிக்குச் சொல்லாமல் வேறு யாருக்குச் சொல்வார்கள்?"

எனக்கு மூக்குடைந்தது. அந்த மனிதர் வழக்காடிய காலத்தில் எத்தனை பேரை இப்படி ஒரு கேள்வியில் இருத்தியிருப்பாரோ தெரியாது. நான் கூடத்தை மூன்றாம் முறையும் துடைத்தேன்.

வியாழன்வரை வீட்டில் பேச்சு மகள் வழியாகத்தான் நடந்தது. கறி காணுமோ எண்டு அப்பாவிட்டக் கேள் என்பாள் தாய். காணும் எண்டு அம்மாட்டச் சொல்லு என்பேன் நான். இரண்டாம் நாள் பிள்ளைக்குப் பொறுமை போய்விட்டது. "டொக்டரிட்டயும் நான், குவெஸ்தூராவிலயும் நான். வீட்டில நீங்களே கதையுங்கோவன்," என்று சொல்லிவிட்டுக் சோற்றுக் கோப்பையைத் தூக்கிக்கொண்டு தன் அறைக்குப் போனாள். நாங்கள் இரண்டு பேரும் தலையைக் குனிந்துகொண்டு சாப்பிட்டோம். மேசைக்குக் கீழே என் கால் நிற்காமல் ஆடிக்கொண்டிருந்தது.

டொக்டர் சொன்ன படங்களை நான் எடுக்கவில்லை. முயற்சி செய்யவில்லை என்று சொல்லமாட்டேன். குளியலறைக் கதவைப் பூட்டி, போனைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். வெளியே மனைவி நடமாடுகிற சத்தம் கேட்டது. அந்த நிலையில் எந்த மனிதனாலும் முடியாது.

வியாழக்கிழமை பஸ் தரிப்பில் நின்றபோது அவள் பின்னால் வந்து நின்றாள். வேலைக்குப் போகிற உடுப்பில்லை, தேவாலயத்துக்கு உடுக்கிற சட்டை. பஸ்ஸில் இடம் இருந்தும் நான் நின்றுகொண்டு போனேன்.

டொக்டர் நாற்பதைத் தாண்டாதவர். எப்போதிருந்து என்று கேட்டார்.

"ஆறு மாதம்," என்றேன்.

"ஒன்றரை வருடம்," என்றாள் மனைவி. "மகளுக்குத் தேவாலயத்தில் உறுதிபூசுதல் நடந்த அடுத்த கிழமையிலிருந்து."

அவளுடைய இத்தாலியன் என்னுடையதைவிட நல்லது. ஆனால் நான் திரும்பிப் பார்த்தது அதற்கில்லை. எந்தக் கிழமை என்று எனக்கே நினைவில்லை. அவளுக்கு இருந்தது.

டொக்டர் திரைக்குப் பின்னால் என்னைப் படுக்கவைத்து விரலால் தடவிப் பார்த்தார், ஸ்கேன் கருவியை வைத்துப் பார்த்தார். கொழுக்கட்டை வெந்ததா என்று பார்க்கிற அளவுக்குத்தான் அதில் நேரமும் மரியாதையும் இருந்தது. இதற்கா ஒன்றரை வருடம் ஒளித்தேன் என்று ஆத்திரமாக வந்தது. பிறகு எங்கள் இரண்டு பேரையும் இருத்திச் சொன்னார். புற்றுநோய் இல்லை. உள்ளே இருக்கிற உறையில் தழும்பு விழுந்து தடித்திருக்கிறது. விறைக்கும்போது அந்த இடம் விரியாததால் அந்தப் பக்கம் வளைகிறது. சீனி வருத்தக்காரருக்கு இது கொஞ்சம் கூடுதலாக வரும். வலி இருந்த தொடக்க காலத்தில் வந்திருந்தால் செய்வதற்கு இன்னும் வழிகள் இருந்திருக்கும். இப்போதும் கைவிடவேண்டியதில்லை. மெல்ல இழுத்துப் பிடிக்கிற கருவி ஒன்று உண்டு, ஒவ்வொரு நாளும் சில மணி நேரம், பல மாதம் போடவேண்டும், வளைவு ஓரளவு குறையலாம். விறைப்புக்கு இருதயத்தைச் சோதித்த பிறகு சரியான அளவில் மாத்திரை. சீனியைக் கட்டுப்படுத்தவேண்டும். இவை போதாவிட்டால் சத்திரசிகிச்சை செய்து நேராக்கலாம், ஆனால் கொஞ்சம் நீளம் குறையும். எதையும் அவர் பூசி மெழுகவில்லை.

படங்கள் எங்கே என்று கேட்டார். நான் நிலத்தைப் பார்த்தேன்.

"அடுத்த முறை கொண்டுவருவோம். நான் எடுக்கிறேன்," என்றாள் மனைவி. சட்டைக்குப் பொத்தான் தைத்துத் தருகிறேன் என்பதுபோலச் சொன்னாள்.

டொக்டர் எழுதுவதை நிறுத்திவிட்டு அவளைப் பார்த்தார். "நீங்கள் எப்படி இருக்கிறீர்கள், சிஞ்ஞோரா?"

எங்கள் வாயால் நாங்கள் மற்றவர்களுக்குச் சொல்கிற சொல் அது. ஒருவர் அவளை அப்படிக் கூப்பிட்டு, எப்படி இருக்கிறீர்கள் என்று கேட்டதை நான் அன்றைக்குத்தான் கண்டேன். அவள் கைப்பையின் வாரை விரலில் சுற்றினாள், கழற்றினாள்.

"கருப்பையை எடுத்த பிறகு நான் தடித்துவிட்டேன்," என்றாள். "என்னைப் பார்க்க இவருக்கு அருவருப்பு என்று நினைத்தேன். சோபாவில் போய்ப் படுத்தார். நான் முதுகு தேய்க்கும்போதும் திரும்பிப் பார்க்கமாட்டார். வீட்டில் விளக்கைப் போட்டு உடுப்பு மாற்றுவதை விட்டுவிட்டேன். அருவருப்போடு ஒருவர் என்னை வைத்துக்கொண்டிருக்கத் தேவையில்லை, அதனால் அக்காவிடம் போகலாம் என்று நினைத்தேன்."

எல்லாவற்றையும் இத்தாலியனில், டொக்டரைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். தமிழில் என்னிடம் சொல்ல முடியாததை ஒரு பிறத்தியானிடம் பிற மொழியில் சொல்கிறாள், நான் பக்கத்தில் இருந்து கேட்கிறேன். என் வெட்கத்தை மட்டும் தூக்கிக்கொண்டு நான் ஊரெல்லாம் நடந்திருக்கிறேன். அவள் அதைவிடப் பெரியதை வைத்துக்கொண்டு, தைலத்தைச் சூடாக்கியிருக்கிறாள்.

"அப்பிடி இல்லையப்பா," என்றேன் தமிழில். "வெக்கத்தில திரும்பேல்லை. ஒருக்காலும் அப்பிடி இல்லை."

டொக்டருக்குத் தமிழ் தெரியாது. அவர் பேனையை வைத்துவிட்டுக் காத்திருந்தார். அவள் மூக்கை உறிஞ்சிக்கொண்டு, அவரிடம் அடுத்த முறை எப்போது வரவேண்டும் என்று கேட்டாள். மூன்று மாதம் கழித்து, ஆடி மாதம் என்றார். போனை எடுத்துக் குறித்துக்கொண்டாள்.

நாங்கள் படியால் இறங்கினோம். ஆனியில் போகிறவள் ஆடியில் வருவதற்கு நாள் குறித்திருக்கிறாள். இரண்டாம் மாடியில் எனக்குப் பொறுக்க முடியவில்லை. கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

"அப்ப பாரிசுக்குப் போறேல்லையோ?"

அவள் இரண்டு படி கீழே நின்று திரும்பிப் பார்த்தாள்.

"இதை வேற ஆரிட்டயும் கேட்டனியளோ?"

"இல்லை. உம்மட்டத்தான் கேக்கிறன்."

"போகேல்லை," என்றாள்.